அழுக்கு நின்றுபோன பக்கம்

– அதையும் கீழ வச்சிடாதீங்க செங்குட்டுவன். இதோட நாலு கைடை எடுத்துத் திரும்ப அடுக்கியாச்சு.

– வைக்கல மேடம், பாத்துகினுதான் இருக்கறேன். இது ஆயிரத்து நூறு பக்கம். நெட்வொர்க்கு பரீட்சைக்குப் பதினெட்டு நாளு. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு ஏறினா பத்து மணிக்குத்தான் எறங்கறேன். நாளைக்கு அறுபது பக்கம்னா, நான் படிக்கறதா, பக்கத்தைப் புரட்டறதா?

– மேடம்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லுறது? தேவயானின்னு ஒரு பேரு இருக்கு. நானும் உங்களை மாதிரி கான்ட்ராக்ட்தான்.

– கான்ட்ராக்ட்தான். ஆனா உங்கப்பா பர்மனென்ட்டாச்சே. குவார்ட்டர்ஸ்ல பொறந்தவங்கள கம்மாபுரம் கிராமத்தான் பேரு சொல்லிக் கூப்பிட்டா வாயி கூசுதுங்க.

– ஏனுங்க, அந்த வழக்கை அப்புறம் வச்சுக்கலாமுங்க. மணி ஒண்ணாச்சு, தம்பி ஷிப்ட்டுக்குப் போகோணுமல்லோ? நான் முப்பது வருசமா இந்த பஜார்ல பழைய புஸ்தகம் விக்கறனுங்க. நெட்வொர்க்குன்னா என்னன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா எது நல்ல கைடுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவனுங்க.

– கண்ணை மூடிட்டா? எப்படி மருதாசலம் அண்ணாச்சி?

– அட்டையைப் பாக்காதீங்க அம்மிணி, உள்ளேயும் படிக்காதீங்க. புஸ்தகத்தை மூடி, ஓரத்தை மட்டும் பாருங்க. விரல் பட்ட அழுக்கு எங்க வந்து நிக்குது? தம்பி கையில இருக்கற குண்டுப் புஸ்தகத்துல அம்பதாவது பக்கத்தோட நின்னு போச்சு. அதை மூணு பேரு வாங்கினாங்க. மூணு பேருமே அந்த ஸ்டாப்புலதான் எறங்கினாங்க.

– அப்ப இந்த நீல அட்டை?

– கடைசிப் பக்கம் வரைக்கும் கறுத்திருக்குது பாருங்க தம்பி. சோறு திங்கறப்பக்கூட அந்தாளு கீழ வைக்கல. இருநூறாம் பக்கத்துல சாம்பார்க் கறையே இருக்குதுங்க.

– சாம்பாரு கூட பாஸாயிருக்கும் போல. ஆனா மேடம், இது மூணு வருசத்துக்கு முந்தின பதிப்பு. பாடத்தை மாத்திட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?

– மாறினது ரெண்டே ரெண்டு பாடம். அதை நான் எழுதித் தாரேன். இங்க பாருங்க, முகவரியைப் பத்தின பாடம். குண்டுப் புஸ்தகத்துல இதையே எட்டுப் பக்கம் இழுத்திருக்கான். இதுல ஒரே பக்கம். வாசிச்சுட்டு, புரிஞ்சதை உங்க வார்த்தையில சொல்லுங்க.

– இருங்க. ம்... ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பரு. அந்த நம்பருல முன்பாதி... மேடம், இது நம்ம டவுன்ஷிப் மாதிரிதாங்க! முன்பாதி பிளாக்கு, பின்பாதி வூட்டு நம்பரு. தபால்காரரு மொதல்ல பிளாக்கைத்தான் பாப்பாரு. அதே பிளாக்குன்னா தெருவுலயே குடுத்துடுவாரு. வேற பிளாக்குன்னா ஆபீசுக்குப் போயித்தான் வரணும்.

– இதேதான்! நான் ரெண்டு நாள் மண்டையை ஒடச்சுக்கிட்டதை நீங்க ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டீங்க. அண்ணாச்சி, இதைக் கட்டுங்க.

– கட்டாதீங்கய்யா! கொஞ்சம் பொறுங்க. மேடம், கோச்சிக்காதீங்க. இதெல்லாம் எதுக்குங்க? நம்ம செக்‌ஷன் அருண்பிரசாத் அண்ணன் ஒரு ஜெராக்ஸ் தரேன்னாரு. நூத்தியெண்பது கேள்வி, பதிலோட. பரீட்சையில வந்த கேள்வியை யாரோ அப்படியே வெளிய எடுத்தாந்தது. மனப்பாடம் பண்ணினா ஆச்சு. பத்தாவதுல சமூக அறிவியல் நான் அப்படித்தான் பாஸு.

– அது வேண்டாம்.

– ஏன் வேணாம்?

– வேண்டாம்னா வேண்டாம். விட்டுடுங்க.

– நம்ம செக்‌ஷன்ல ஆறு பேரு அதைப் படிச்சித்தான் பாஸு. நீங்களும் அதே ஜெராக்ஸுதான்னு அருணண்ணன் சொன்னாரு. இல்லன்னு சொல்லுங்க பாக்கலாம்.

– இல்லன்னு சொல்லல.

– அப்ப இது என்னங்க நியாயம்? நீங்க குறுக்கு வழியில போயிட்டீங்க, எனக்கு மட்டும் சுத்து ரோட்டைக் காட்டறீங்க. பர்மனென்ட்டு வூட்டுப் புள்ளைக்கு ஒரு ஜெராக்ஸு, கூலிக்காரன் வூட்டுப் புள்ளைக்கு சாம்பாரு புஸ்தகமா?

– ஏனுங்க தம்பி, சாம்பாரைப் பழிக்காதீங்க.

– நீங்க சும்மா இருங்கய்யா! பரீட்சைப் பணத்துக்குக் குடுத்த வவுச்சரு எனக்கு ஒண்ணுதான் மேடம். தப்பினா தப்பினதுதான், மறுபடி தர மாட்டேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. ஆறு வருசமா மானிட்டரத் தோள்ல தூக்கிகினு மாடி மாடியா ஏறி எறங்கறேன். கேபிளு இழுத்து இழுத்துக் கையி காய்ச்சுப் போச்சு. இப்பத்தான் புதுசா ஒரு போஸ்ட்டு போடறாங்க, அதுக்கு என் பேரு வந்திருக்குது. அம்மா மூணு தடவை கேட்டுடுச்சி, பாஸாயிடுவியா, பாஸாயிடுவியான்னு. நான் கைடைப் படிச்சிகினு கெடந்து கோட்டை விட்டா, அதுக்கு நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க?

– ஏன் இப்படிப் பறக்கீங்க? நான் உங்க நல்லதுக்குத்தான்...

– நல்லதுன்னா காரணத்தைச் சொல்லுங்க. காரணம் இல்லாம புத்தி சொல்றவங்கள ஆபீசுல தெனம் பாக்கறேன்.

– அண்ணாச்சி, சிரமம் பாக்காம மூணு டீ சொல்ல முடியுமா?

– சொல்றனுங்க அம்மிணி. அட, நானே போயி வாங்கியாறேன். கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க.

– அவர் தலை மறையட்டும்... போயிட்டாரா?

– போயிட்டாரு. என்னங்க?

– நான் பாஸானது வாஸ்தவம். போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. சர்டிபிகேட்டை ரத்து பண்ணிட்டாங்க. இனி ஆயுசுக்கும் நான் அந்தப் பரீட்சையை எழுத முடியாது.

– ரத்தா? எதுக்குங்க?

– அந்த ஜெராக்ஸ்ல பதினோரு பதில் தப்பு. அது யாருக்கும் தெரியல. ஆறு பேரும் அதே பதினோரு கேள்விக்கு அதே தப்பான பதிலை எழுதியிருக்கோம். சரியா எழுதினா படிச்சிருக்காங்கன்னு விட்டிருப்பாங்க. ஆறு பேரு ஒரே மாதிரி தப்பு பண்ணினா, ஒரே காகிதத்தைப் பாத்தவங்கன்னு தெரியாதா? ஒருத்தராவது கொஞ்சம் யோசிச்சு வேற தப்பு பண்ணியிருக்கலாம்.

– மத்த அஞ்சு பேருக்கும் வந்துடுச்சா?

– எனக்குத்தான் மொதல்ல. அவங்களுக்கும் வரும். நேத்து அருண்கிட்ட சொன்னேன். சிரிக்காரு. யாரோ மிரட்டுதாங்கன்னு சொல்லுதாரு.

– வூட்டுல?

– தெரியாது. அப்பா அந்த சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு. வாரவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுதாரு. நான் அதுக்கு நேர் கீழ ஒக்காந்துதான் தெனமும் காபி குடிக்கேன்.

– நான் கண்டபடி பேசிட்டேங்க. பர்மனென்ட்டு வூடு, அது இதுன்னு... மனசுல வச்சிக்காதீங்க.

– பேசினதும் நல்லதுக்குத்தான். இல்லன்னா நான் வாயே தெறந்திருக்க மாட்டேன்.

– நீல அட்டையையே எடுத்துக்கறேன். இன்னிக்கே ஆரம்பிக்கறேன். சந்தேகம்னா உங்களத்தான் கேப்பேன்.

– எப்ப வேணும்னாலும் கேளுங்க.

– ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனைக்காதீங்க. ஹெல்பருங்க மூஞ்சியே நம்ம செக்‌ஷன் சாருக்குத் தெரியாது. என்னை இன்னமும் "கேபிளு"ன்னுதான் கூப்பிடறாரு. அவரு எப்படிங்க இந்தப் புது போஸ்ட்டுக்கு என் பேரை எழுதினாரு?

– புது போஸ்ட்டெல்லாம் ஒண்ணுமில்ல செங்குட்டுவன். மெயில் வந்த அன்னிக்கே நான் சார்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். மாசக் கடைசியோட நின்னுக்கோங்கன்னாரு. என் எடத்துக்கு யாரைப் போடட்டும்னு கேட்டாரு, உங்க பேரைச் சொன்னேன்.