வலது கால் செருப்பு

இல்ல இல்ல, எழுந்திரிக்காதீங்க, அது நிக்காத வண்டி. அல்பனி போறது. உங்க வண்டி வர இன்னும் நேரம் இருக்கு, உக்காருங்க. நான் உங்க கையப் புடிச்சு இழுத்துக்கிட்டெல்லாம் போகமாட்டேன். நம்ம ஜனங்க இருக்கற அந்த மேட்டு மேல வரமாட்டேன், ரிவர்டேல் ஸ்டேஷன் வரைக்கும்தான் வருவேன்னு போன்ல சொன்னீங்க. சரின்னுதானே சொன்னேன்.

வேண்டாம், தண்ணி வேண்டாம். இன்னைக்கு விரதம் மாதிரி. நீங்க குடிங்க.

நான்தான் தீர்ஸா. உங்க தம்பி யோனாவோட சம்சாரம். நீங்க யாருன்னு எனக்கு அடையாளம் சொல்லவே வேண்டியதில்ல. வண்டியவிட்டு எறங்கினதும் பாக்கெட்டு ரெண்டையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துக்கிட்டீங்க பாருங்க, அவரும் அதேதான் பண்ணுவாரு. எதையாவது வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டமோன்னு. உங்கள எப்படிக் கூப்புடறதுன்னுதான் காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன். அண்ணான்னு கூப்புடலாம்னா எங்க சட்டம் ஒத்துக்கல. இவனைக் கட்டிக்க வேண்டியவ நீன்னு சொல்லுது. சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். அத்தான்னே கூப்புடறேன்.

பீக்கன்லேர்ந்து எவ்ளோ நேரம் ஆச்சு? குரோட்டன்ல மாறி வந்தீங்களா. ஆமா, உங்க ஊரு எக்ஸ்பிரஸ் இங்க நிக்காது. யோனா தெனமும் காலையில இந்த பிளாட்பாரத்துலதான் நிப்பாரு, ஆபீஸ் வண்டிக்கு. எக்ஸ்பிரஸ் காத்தக் கெளப்பிக்கிட்டுப் போகும்போது ஒரு கையால தொப்பியப் புடிச்சுக்கிட்டு ஜன்னல் ஜன்னலா பாப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல நான் கேட்டேன், என்னத்த இப்படிப் பாக்கறீங்கன்னு. எங்க அண்ணன் வடக்க எங்கயோ இருக்கான், வேலைக்கு சிட்டிக்குப் போறான்னு கேள்விப்பட்டேன், போனா இதுலதானே போவான்னாரு. ஒரு தடவையாவது கண்ணுல பட்டாரான்னேன். இந்த வேகத்துல எங்க, அப்படின்னாரு. ஆனா பாக்கறத விடல.

நீங்க? எந்தப் பக்கம் உக்காருவீங்க?

ஓ. ஆத்துப் பக்கமா. மேடு கண்ணுல படக் கூடாதுன்னு.

அத்தான், இந்த பிளாட்பாரம்தான் ஆத்துப் பக்கம். மேட்டப் பாக்க வேணாம்னு நீங்க இப்படித் திரும்பி உக்காந்தீங்க. உங்க தம்பி இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு.

சரி, சரி. நான் அதுக்காகச் சொல்லல. கண்ணத் தொடைங்க.

எப்படிப் போனாருன்னு போன்ல முழுசா சொல்ல முடியல. மொதல் வாட்டி உங்க சம்சாரம் கோலீன்தான் எடுத்தாங்க, அவங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறது. ஆனா நல்ல மனுஷி, அத்தான். பொறுமையா கேட்டாங்க. செருப்பா, எந்தச் செருப்பு, யாரு கழட்டணும்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. நான் அனுப்பி வைக்கிறேன்னு அவங்க சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

வெள்ளிக்கெழம சாயங்காலம். எங்க ஓய்வு நாளான சபாத்துக்கு விளக்கு ஏத்தற நேரம் நெருங்குது, இவரக் காணோம். வண்டி லேட்டு. எறங்கி வேகமா மேடு ஏறியிருக்காரு, சூரியன் விழறதுக்குள்ள வீடு வந்து சேரணும்னு. கையில ரொட்டி, எனக்குப் பூ. பாதி ஏத்தத்துல ஒரு வீட்டுச் சுவத்துல உக்காந்துட்டாராம். அந்த வீட்டுக்காரம்மா ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு, களைப்பாறுறாரு போலன்னு விட்டுட்டாங்க. அவ்ளோதான். நாப்பத்தியொரு வயசு. நெஞ்சுவலின்னு ஒரு நாள் சொன்னதில்ல.

கொழந்த இல்ல எங்களுக்கு. இருந்திருந்தா இன்னைக்கு நீங்க எனக்கு யாரோ, நான் உங்களுக்கு யாரோ. அவரு போனதுக்கப்புறம் ஒரே ஒரு கொழந்த, பொறந்து ஒரு நாள் இருந்துட்டுப் போயிருந்தாக்கூட கதை வேற மாதிரி ஆயிருக்கும். துக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு எங்க யூத குரு ரப்பி ஃபைவெல் வந்து உக்காந்தாரு. தீர்ஸா, இத யாராவது உனக்குச் சொல்லித்தான் ஆவணும்னாரு. பிள்ளையில்லாம செத்தவனோட பொண்டாட்டி அவன் அண்ணன் தம்பிக்குக் கட்டுப்பட்டவ. அவன் ஒண்ணு கட்டிக்கணும், அத இந்தக் காலத்துல யாரும் செய்யறதில்ல, இல்லன்னா விடுதலை பண்ணணும். அஞ்சு பேரு முன்னாடி நின்னு, அவ கையால அவன் செருப்ப அவுத்து விடணும். அதுவரைக்கும் வேற யாரையும் அவ கட்டிக்க முடியாது.

நீங்க சொல்றது புரியுது. காட்டுமிராண்டித்தனம்னு கோலீனும் சொன்னாங்க, மெதுவா, நான் வருத்தப்படாத மாதிரி. நானும் சொல்லிப் பாத்துட்டேன் அத்தான், கண்ணாடி முன்னாடி நின்னு. சொன்னா போயிடுதா?

சிட்டி ஹால்ல போயி பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம். பண்ணிக்கலாம்தான். வேற மதத்துக் கோலீனை நீங்க அப்படித்தான் பண்ணிக்கிட்டீங்க. அப்புறம் இருபது வருஷமா ரயில்ல ஆத்துப் பக்கம் உக்காந்து போறீங்க. என்னால முடியாது. என் அக்கா அந்த மேட்டுல இருக்கா, நான் பாடம் சொல்ற பள்ளிக்கூடம் அந்த மேட்டுல இருக்கு, எனக்கு வாரம்னா அது வெள்ளிக்கெழம மேட்டுல கடையெல்லாம் சாத்தற சத்தத்துல முடியற வாரம். அதையெல்லாம் விட்டுட்டு வான்னு சொன்னா நான் வர்றதுக்கு என்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்?

கோபமா பேசிட்டேன். வயிறு காலி, அதான்.

இல்ல, மாமா உதவல. உங்கப்பாவப் பத்தி நீங்க கேக்க வேண்டாம்னுதான் நெனச்சேன், கேட்டுட்டீங்க. ரப்பி ஃபைவெல் அவரு முன்னாடியே கேட்டாரு, யோனாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டா, சட்டத்துக்காகக் கேக்கறேன்னு. மாமா தட்டத் தள்ளி வச்சுட்டு, எனக்கு ஒரே பையன், அவனத்தான் அன்னைக்குப் பொதச்சேன்னாரு.  அதுக்கு ரப்பி சொன்னாரு, செலிக், அந்தப் பெரியவனுக்காக நீங்க தரையில உக்காந்து ஏழு நாள் துக்கம் காத்தீங்களே, அதுக்கு நானும் வந்தேன். சின்னப் பையன் நான் அப்ப. துக்க வீட்டு அவிச்ச முட்டை குடுத்தீங்க, தின்னேன். ஆனா பொணம் எங்கன்னு அன்னைக்கும் யாரும் கேக்கல, நானும் கேக்கல. இன்னைக்குக் கேக்கறேன்னாரு.

மாமா எழுந்து ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு.

என் நெலமையப் பாருங்க. நீங்க செத்துட்டதா அவரு சொல்றது நெஜமா இருந்தா எனக்கு விடுதலை. உசுரோட இருக்கறதாலதான் நான் கட்டிப் போட்ட மாடா கெடக்கேன். சில ராத்திரி, கடவுள் மன்னிக்கணும், செத்திருக்கக் கூடாதான்னு நெனச்சேன் உங்கள. மொகம் தெரியாத ஒருத்தர. அப்படிப்பட்டவளா ஆயிட்டேன்.

மூணு வருஷம் உங்களத் தேடினேன். மாமா ஊரச் சொல்லல. யோனாவுக்கும் ஊரு தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லல, மாமா மனசு நோகும்னு. கடைசியில சிட்டியில இருக்கற உங்க ஆணிக்கடையோட படத்த யாரோ எங்கயோ போட்டிருந்தாங்க, பேரு மாத்தியிருந்தீங்க, ஆனா யோனாவோட அதே மூக்கு, அது மாறலயே.

உண்டு. என்னைக் கட்டிக்கக் காத்திருக்கற ஒருத்தர் உண்டு. நஃப்தலி. அவரும் பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு, பியானோ சுருதி சேக்கறவரு. சபாத்ல நாங்க எந்தெந்தத் தெரு வரைக்கும் சாமானத் தூக்கிக்கிட்டுப் போலாம்னு எல்லை காட்டற கம்பி ஒண்ணு மேட்டச் சுத்திப் போகுது பாருங்க, அது அறுந்திருக்கான்னு வாரா வாரம் போயிப் பாக்கறவரும் அவருதான். ஒண்ணா நடந்து போனாக்கூட ரெண்டு அடி தள்ளி நடப்பாரு. கேட்டா, கம்பி எனக்கும் உண்டும்பாரு. வெளையாட்டாத்தான் சொல்வாரு. ஆனா அவங்கம்மா வெளையாடல. இந்தக் கோடைக்குள்ள முடிவு தெரியலன்னா ஷிகாகோவுல பொண்ணு பாத்து வச்சிருக்காங்க. அவரு மாட்டேன்னு சொல்வாரு. எவ்ளோ நாள் சொல்வாரு? எனக்கு முப்பத்தொம்பது முடியப் போகுது அத்தான். எனக்கு இன்னும் கொழந்த பொறக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க, பொறக்கலாம், ஆனா அடுத்த வருஷம் இப்படிச் சொல்லமாட்டேன்னும் சொல்றாங்க. உங்களுக்கு ரெண்டு இருக்காங்கல்ல. பெரியவன் பேரு என்ன?

யோனாவா?

கோலீன் இத என்கிட்ட சொல்லல.

இருங்க. ஒரு நிமிஷம். ஒண்ணுமில்ல.

சரி. என்ன செய்யணும்னு சொல்லிடறேன். உங்களுக்கு வெக்கமா இருக்கும், எனக்கும்தான். உங்க வலது கால அஞ்சு பேரும் பாக்கக் கழுவுவாங்க. தோல் செருப்பு ஒண்ணு இருக்கு, ரப்பி கொண்டாருவாரு, நூறு பேரு போட்ட செருப்பு, அத மாட்டி, தோல் வாரை முழங்காலுக்குக் கீழ கட்டுவாங்க. நீங்க கால அழுத்தி ஊணி நிக்கணும். நான் வலது கையாலயே முடிச்ச அவுத்து, செருப்பக் கழட்டி எறிவேன். இடது கை படக் கூடாது, அதுக்காக வீட்டுல யோனாவோட பூட்ஸ மேசைக்கால்ல கட்டி வச்சுப் பழகிப் பாத்தேன். அப்புறம் உங்க முன்னாடி தரையில துப்பணும். மேல இல்ல, தரையில. எச்சி தெரியணும், அதுல வேற எதுவும் கலந்திருக்கக் கூடாது, அதான் காலையிலேர்ந்து தண்ணிகூட குடிக்கல. துப்பிட்டு, தன் சகோதரன் வீட்டக் கட்டாதவனுக்கு இப்படித்தான்னு ஒரு வரி சொல்லணும். அத மனசுல வச்சுக்காதீங்க. நான் நெனைச்சுச் சொல்றதில்ல, எழுதி வச்சிருக்கறதச் சொல்றது.

கேக்கவே விட்டுப் போச்சு, பந்து ஒதைக்கறது வலது காலாலதானே? நல்லவேள. இடதுன்னா வேற பேச்சு.

அடுத்த மாசமா? முடியாது. இன்னொரு நாள் நீங்க வரமாட்டீங்க. வருவேன்னுதான் சொல்வீங்க, நம்பித்தான் சொல்வீங்க. வீட்டுக்குப் போனதும் அந்தத் தரையில உக்காந்த ஏழு நாள் ஞாபகம் வரும், போன எடுக்கமாட்டீங்க. நான் உங்க எடத்துல இருந்தா எடுக்கமாட்டேன். உசுரோட இருக்கறவனுக்கு ஊரே கூடி முட்டை தின்னா யாரு திரும்பி வருவா. அந்த ஊரு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், நான் தடுக்கல. ஆனா அன்னைக்கு எனக்குப் பதினாறு வயசு. உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணல. அவங்க உங்கள அறுத்து விட்டாங்க, என்னைக் கட்டிப் போட்டுட்டாங்க, ரெண்டுக்கும் ஒரே கயிறு.

மேட்டுக்கு வர வேண்டாம். வரச் சொல்லமாட்டேன்னு சொன்னேன்ல. அவங்கள எறங்கி வரச் சொல்லிட்டேன். எடத்த நேத்தே குறிச்சாவணும்னு ரப்பி கேட்டாரு, ஸ்டேஷனுக்கு வெளிய காரு நிறுத்தற எடத்துல மரத்தடின்னு சொல்லிட்டேன். அஞ்சு பேரும் வந்தாச்சு. பகல் வெளிச்சம் இருக்கறப்பவே முடிக்கணும். முடிச்சுட்டு அடுத்த வண்டியிலயே போயிடுங்க, யாரும் உங்கள நிறுத்தமாட்டாங்க.

நீங்க யாருன்னு காட்ட அந்த லைசென்ஸ் பத்தாது. அதுல இப்ப வேற பேரு வேற இருக்கு. காயிதம் வேண்டாம். குடும்பத்தத் தெரிஞ்ச ஒருத்தர் வாயத் தெறந்து சொல்லணும், இவன் செத்தவனோட சகோதரன், ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கன்னு. சொல்ற அளவுக்கு உங்கள நேரா தெரிஞ்சவங்க மேட்டுல இப்ப யாரு இருக்காங்க. ரப்பிக்கு உங்க மொகம் மறந்து போச்சு.

அதான், மாமா வந்திருக்காரு. கார்ல இருக்காரு. மூக்குல குழாய் வச்சிருக்கு, படியேற முடியாது, இல்லன்னா இங்கயே வந்திருப்பாரு. யோனா உக்காந்த அந்தச் சுவத்தத் தாண்டி அவரு எறங்கினதே இன்னைக்குத்தான். நான் எதுவும் சொல்லிக் குடுக்கல அத்தான். வழியெல்லாம் ஜன்னலப் பாத்துக்கிட்டு அவராத்தான் சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டு வந்தாரு, இவன் கெர்ஷோன், என் மூத்த பையன், உசுரோட இருக்கான்னு.