மூடாத பேசின்

— ஒத்தக் கையெழுத்துக்கு எம்புட்டு நேரந்தேன் நிக்க வைப்ப கிளெமென்ட்டு? கையத் தொடச்சுட்டு வா.

— இருங்க அழகரண்ணே, ரேடியேட்டர்ல தண்ணி ஓடுது. இன்னும் கலங்கலாத்தான் வருது.

— நாலு நாளா இந்தக் கெழட்டு அம்பாசிடரக் கழுவிக்கிட்டே இருக்க. எஞ்சின் ஹெட்டு வேலை முடிஞ்சுருச்சுன்னு வியாழக்கெழமையே சொன்னியே?

— ஹெட்டு ஏத்தியாச்சுண்ணே. கேஸ்கெட்டு போனதுல தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்து தயிரா ஒறஞ்சு கெடக்கு. ஆயில ரெண்டு தடவ வடிச்சாச்சு. கொஞ்சம் மிச்சம் விட்டாலும் இம்புட்டு வேலையும் வீணு. தெளியுற வரைக்கும் கழுவித்தான் ஆகணும்.

— கழுவு, கழுவு. மொதல்ல இதுல போடு.

— என்ன பத்திரம்ணே?

— எந் தம்பி சோலைமுத்து எழுதிக் குடுக்குறான். கெணத்துக்குப் போற பாதையில இனிமே அவனுக்குப் பாத்தியதை இல்லைன்னு. எஞ் செனையாட்டுக்கு வெசம் வச்சான்ல, அதுக்குத் தண்டம். சாயங்காலம் பொண்டாட்டி பிள்ளைகளோட திருப்பூருக்கு பஸ் ஏறுறான். நீ எங்க எடத்துல பட்டறை வச்சிருக்கவன், தெனம் பாக்குறவன். உன் சாட்சின்னா எவனும் மறுத்துப் பேச மாட்டான்.

— சோலைமுத்தா வச்சான்?

— பின்ன? ‘உன் ஆடு எம் பக்கம் வந்தா உசுரோட திரும்பாது’ன்னு அவன் கத்துனத நீயுந்தேன கேட்ட?

— கேட்டேன். கோவத்துல சொன்னதுண்ணே அது.

— சொன்னதச் செஞ்சும் புட்டான். வயித்துல ரெண்டு குட்டி அப்பு. குடிகாரன் மாதிரி தள்ளாடித் தள்ளாடி விழுந்துச்சே. மாட்டு டாக்டரு என்ன சொன்னாரு? ‘என்னத்தக் குடிச்சுச்சுன்னு தெரிஞ்சா எதையாச்சும் குடுத்துப் பாக்கலாம்’னாரு. தெரிஞ்ச பய வாயத் தொறக்கலையே!

— தொறக்கலதான்.

— உன் மொகரை ஏன் இப்டி செத்துக் கெடக்கு? சாப்டியா இல்லையா?

— மூணு நாளா சோறு எறங்கல. வீட்டுல எம் பொண்டாட்டி ஏஞ்சலினும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டா.

— அட போப்பா, ஆட்டப் பறிகொடுத்தவன் நானே நாலு இட்லி தின்னுட்டு வந்து நிக்கிறேன். இந்தா பேனா.

— என்னால போட முடியாதுண்ணே.

— ஏன்? அவனுக்கு வக்காலத்தா?

— அவன் வைக்கல.

— அவனே ஒத்துக்கிட்டான்ங்குறேன்!

— ஒத்துக்கிட்டானா?

— நாலு பேரு முன்னாடி. ‘ஆமா, நாந்தேன் வச்சேன்’னு. அப்புறம் என்ன?

— சேசுவே... அண்ணே, இத மறைக்கல. நீங்க இப்பச் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசாயிருச்சு. அவனே ஒத்துக்கிட்டான்ல, நமக்கென்னன்னு தோணிருச்சு. இம்புட்டுக் கேவலமானவனா நான்னு இருக்கு.

— என்னத்த ஒளர்ற?

— அந்தா, தொட்டியோரம் கெடக்குற பேசினப் பாருங்க. வெள்ளிக்கெழம மத்தியானம் வேற ஒரு கார் ரேடியேட்டர்ல இருந்த பழைய கூலன்ட்ட அதுலதான் எறக்குனேன். எப்பவும் கையோட டிரம்முல ஊத்தி மூடிருவேன். அன்னைக்குப் பசி. சாப்டுட்டு வந்து பாத்துக்கலாம்னு அப்டியே போட்டுட்டுப் போயிட்டேன்.

— சரி, போன. அதுக்கு?

— திரும்பி வந்தா உங்க ஆடு பேசின்ல வாய வச்சு நிக்கிது. பாதி காலி. வெரட்டி விட்டேன்.

— வண்டித் தண்ணியத்தேன குடிச்சுச்சு?

— தண்ணி மட்டும் இல்லண்ணே அது, எஞ்சின் சூடாகாம இருக்க ஊத்துற மருந்து. இனிப்பா இருக்கும், ஆடு நாயெல்லாம் விரும்பிக் குடிச்சுரும். அம்புட்டும் வெசம்.

— பொய்யி. அவனக் காப்பாத்த நீ கத கட்டுற.

— ஆட்டுத் தாடியில பச்சையா ஒட்டியிருந்துச்சே, நீங்கதான துண்டால தொடச்சீங்க?

— கொழையத் தின்ன சாறுன்னு நெனச்சேன்.

— கொழைச் சாறு இல்ல. இந்தா இந்த டிரம்மத் தொறந்து பாருங்க, அதே நெறம்.

— அப்ப, டாக்டரு கேக்குறப்ப எம் பக்கத்துலதேன நின்ன?

— நின்னேன்.

— நாலு வார்த்தை அப்பு. நாலு வார்த்தை சொல்லியிருந்தா...

— நாக்கு வரைக்கும் வந்துச்சு. இருபது வருசமா உங்க எடத்துல பொழைக்கிறேன், காலி பண்ணுன்னுட்டா எங்க போறதுன்னு பயந்துட்டேன். அது கால ஒதச்சுக்கிட்டுக் கெடந்தத இப்பவும் கண்ண மூடுனா பாக்குறேன்.

— யாருகிட்டயுமே சொல்லலையா நீ?

— சர்ச்சு சாமியார்ட்ட சொன்னேன், பாவசங்கீர்த்தனத்துல. ‘எங்கிட்டச் சொன்னா மட்டும் போதாதுப்பா, ஆட்டுக்காரர்ட்ட போய்ச் சொல்லு’ன்னாரு. கோயில்ல இருந்து நேரா உங்க வாசலுக்குத்தான் வந்தேன். செத்த நேரம் நின்னேன். உள்ள உங்க சத்தம் கேட்டுச்சு. திரும்பிட்டேன்.

— என்னைக்கு?

— நேத்து. ஞாயித்துக்கெழமப் பூசைக்கு முன்னாடி சாமியார்ட்ட சொன்னேன். உங்க வாசலுக்கு வந்தப்ப ஒம்போது மணி இருக்கும்.

— காலையிலயா?

— காலையிலதான். அண்ணே, என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. பட்டறையக் காலி பண்ணச் சொல்லுங்க, பண்ணுறேன். ஆனா சோலைமுத்து பஸ் ஏறக் கூடாது. வாங்க, இப்பவே போவோம், நானே அவன் முன்னாடி சொல்லிருறேன். எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. செய்யாதத அவன் எதுக்கு ஒத்துக்கிட்டான்?

— நேத்துச் சாயங்காலம் அவனப் பிள்ளைக கண்ணு முன்னாடி வேப்ப மரத்துல கட்டி வச்சு அடிச்சேன் கிளெமென்ட்டு. ஆறாவது அடியிலதேன் ஒத்துக்கிட்டான்.