போட்டோவில் ஆள் இருக்கக் கூடாது

ஜமுனாமரத்தூரிலிருந்து திருப்பத்தூர் இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் சாமை மூட்டை இருந்தது.

"போட்டோ எடுக்கணும்னு எங்க வூட்டுக்காரர கட்டிலோட தூக்கி வெளிய வெச்சிட்டாங்க," என்றார் அவர்.

இளையவள் திரும்பினாள். "மனுசன எதுக்குக்கா வெளிய வெக்கணும்?"

"வூடு கட்டின இன்ஜினியரு, தன் வேலய நாலு பேருக்குக் காட்டறதுக்குன்னு கேமராக்காரர கூட்டியாந்தாரு. அந்தப் போட்டோவுல ஆளு இருக்கக் கூடாதாம். புளியமரத்தடியில கட்டில போட்டாங்க."

"கோவிச்சிக்கலையா அவரு?"

"இல்ல, வூட்டையே பாத்துக்கினு இருந்தாரு. கட்டி முடியறதுக்குள்ளதான் கை கால் இழுத்துக்கிச்சே. புது வூட்டுக்குள்ள படுத்தபடியே வந்தவரு. வெளிய இருந்து அன்னிக்குத்தான் பாக்கறாரு."

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. மூத்தவர் மூட்டையை அணைத்துக்கொண்டார்.

"எல்லாம் எடுத்து முடிச்சிட்டு, கட்டில உள்ள வெக்கட்டுமான்னு கேட்டாங்க. இவரு வேணாம்னுட்டு என்னக் கூப்ட்டாரு. 'நீ உள்ள போயி அந்த ஜன்னல்ல நில்லு, நான் பாக்கணும்'னாரு."

"நின்னீங்களா?"

"வெளக்கு வெக்கற வரைக்கும் நின்னேன்."