ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்பிய தலைவர்

மேடையில் வீற்றிருக்கும் துணைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தலைவரின் துணைவியார் அம்மா அவர்களே, மாப்பிள்ளை அவர்களே, நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, வழக்கம்போல் தாமதமாக வந்து வாசலில் தயங்கி நிற்கும் உறுப்பினர்களே! தைரியமாக உள்ளே வாருங்கள். இன்று கதவை மூடச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு நிமிடத்தில் முடிக்கும்படி செயலாளர் சொல்லியிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கணக்கு வராது. கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

இருபத்தாறு வருடமாக இந்த மண்டபத்தைத் திறந்து பூட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். கணக்குப் படித்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கலாம். நம் கணக்காளர் சங்கத்தின் அட்டை இல்லாதவரை எந்தக் கம்பெனி உட்கார வைத்துப் பேசுகிறது? பெயரைக் கேட்பதற்கு முன்னால் "சங்கத்துல இருக்கீங்களா?" என்றுதானே கேட்கிறார்கள்! அந்த மரியாதையை வாங்கித் தந்தவர் யார்? தலைவர்! மாடிப்படி ஓரத்துப் பலகையில் வேலை அறிவிப்புகளைத் தன் கையால் ஒட்டியவர் யார்? தலைவர்! நேர்முகத்துக்குப் போகிற பையன்களை வாசலிலேயே நிறுத்தி, "பட்டனப் போடுய்யா. சட்டையும் கணக்கும் ஒண்ணு. திறந்திருக்கிற எடத்தத்தான் எல்லாரும் பார்ப்பாங்க" என்று அனுப்பியவர் யார்? அவரேதான்!

அவர் கொண்டுவந்த சட்டம் உங்களுக்கே தெரியும். வருடத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சி வகுப்பு. முதல் வகுப்பு மட்டும் நான்கு மணி நேரம், மற்றதெல்லாம் சாப்பாட்டு நேரம் போக ஆறு. பத்து மணிக்குக் கதவு மூடும். வரும்போது ஒரு கையெழுத்து, ஐந்து மணி அடித்த பிறகு போகும்போது ஒரு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் அன்றைய ஆறு மணி நேரமும் இல்லை. நாற்பது நிறையாவிட்டால் அட்டை காலாவதி. கணக்கில் குத்தும் சங்கத்து முத்திரையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பாரபட்சம் பார்த்தாரா? கல்யாணமான மறு வாரம் மாப்பிள்ளை இரண்டு நிமிடம் தாமதம். கதவு திறக்கவில்லை. மகள் போன் போட்டு, "அப்பா, உங்க மாப்பிள்ளைய வெளிய நிக்க வச்சீங்களாமே!" என்று அழுதது. "மாப்பிள்ளைய எங்கம்மா நிக்க வச்சேன்? லேட்டா வந்த ஒருத்தர நிக்க வச்சேன்" என்றார். மாப்பிள்ளை சார், சிரிக்காதீர்கள், இது துக்கக் கூட்டம்.

ஆனால் கடைசி வரிசையில் ஜன்னலோரமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரை 'நாலு நிமிஷம் மேடம்' என்கிறீர்கள். அந்தப் பெயரை வைத்த வாய் இதுதான். மன்னிக்கணும் மேடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வருடத்தின் கடைசி வகுப்பு. மேடம் கையில் முப்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. அந்த ஆறு கிடைத்தால் நாற்பது. பஸ் பழுதாகி, மழையில் நடந்து வந்து சேர்ந்தபோது பத்து மணி நான்கு நிமிடம். கதவு மூடிவிட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உள்ளே நடந்த பாடத்தை எழுதிக்கொண்டே நின்றார். தலைவர் பார்த்தார். "ஜன்னலைச் சாத்து" என்றார். சாத்தியது யார்? இந்தக் கைதான்! சாத்திய பிறகும் சாயங்காலம் வரை அங்கேயே நின்றார்.

அட்டை போனது. முத்திரை போனது. மேடத்திடம் தொழில் கற்று வளர்ந்தவர் இன்று அவருக்கு மேலதிகாரி. "கருணை காட்டுங்கள்" என்று அவர் எழுதிய மனு இரண்டு வருடமாக ஆபீஸில் கிடக்கிறது. அதன்மேல் டீ டம்ளர் வைத்து எடுத்த வட்டங்களை எண்ணினால், செயற்குழு எத்தனை முறை கூடியது என்று சொல்லிவிடலாம்.

இப்போது தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு முடியாமல் இந்த வருடம் ஒரு வகுப்பு விட்டுப் போனது. அவர் கையிலும் முப்பத்து நான்குதான்! "தலைவருக்கு விலக்கு" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லையே! போன வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்புக்கு, ஒன்பதே முக்காலுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான்கு ஐம்பதுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று எடுத்துப் போனேன். தள்ளிவிட்டார். "புக்கு... புக்கு" என்றார். வருகைப் பதிவேட்டைக் கேட்கிறார்! என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பழகிய கண், என்ன செய்ய? வாய் அதற்கு முன்னால் பேசிவிட்டது. "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்."

துணைவியார் அம்மா, இதை உங்களிடம் சொல்லாமல் மறைக்க மனம் வரவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கரெக்ட்." இருபத்தாறு வருடத்தில் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவே அவருடைய கடைசி வார்த்தையும் ஆகிவிட்டது.

ஆக, கணக்குத் தெரியாத நான் கணக்குச் சொல்கிறேன். நாற்பதுக்கு முப்பத்து நான்கு. நம் தலைவர் நம் சங்கத்தின் உறுப்பினராக இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அட்டை காலாவதியானவர் படம் இந்தச் சுவரில் ஏறக் கூடாது என்பதும் அவர் எழுதிய சட்டமே.

நேற்றுக் காலை செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "போற கையெழுத்து எடத்துல நீயே ஒரு கிறுக்கு கிறுக்கிடுய்யா. படத்த மாட்டணும்."

"செஞ்சிடலாம் சார். அப்படியே அந்த மேடத்துக்கும் ஒரு கிறுக்கு போட்டுடவா?"

"அது வேற, இது வேற."

"எப்படி சார் வேற?"

"அவங்க உயிரோடதான இருக்காங்க!"

செயலாளர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். முடித்துவிடுகிறேன்.

பதிவேடு இதோ என் கக்கத்தில் இருக்கிறது. தலைவரின் படம் இதோ மேசை மேல் சாய்ந்து நிற்கிறது. சுவரில் ஆணி அடிக்க வேண்டியவனும் நான்தான். தலைவர் வழியில் நடப்போம் என்று இங்கே ஆறு பேர் பேசினீர்கள். நான் நடக்கப் போகிறேன்! அவருடைய கட்டத்தில் யாரும் கிறுக்க முடியாது. செயற்குழு என்றைக்கு அந்த மனுவின் மேலிருக்கும் டம்ளரை எடுத்து, இரண்டு பேரையும் ஒன்றாக மன்னிக்கிறதோ, அன்றைக்குச் சுத்தியலோடு வருவேன். அதுவரை தலைவர் நிற்கட்டும். பாவம், இவர் நனையாமல்தானே நிற்கிறார்!

மௌன அஞ்சலி இரண்டு நிமிடம் என்று அச்சடித்திருக்கிறீர்கள். வேண்டாம். நான்கு நிமிடம் நிற்போம். அது எவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் தெரியட்டும். எழுந்திருங்கள். கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.