நான்கு மணிக்கு ஆணியில் தொங்கும் குவளை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் மருத்துவமனையின் புதிய இயக்குநர் டாக்டர் ரவுதா அவர்களே, நாற்பதாம் நாள் துஆ ஓதித் தந்த இமாம் அவர்களே, பிஸெர்த்தாவிலிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கும் சீதி துஹாமியின் தங்கை மஹ்பூபா அவர்களே, முன்வரிசையில் இருமிக்கொண்டிருக்கும் என் பெஞ்சுக்காரர்களே, வேலைக்கு நடுவில் ஓடிவந்து கதவோரம் நிற்கும் நர்ஸ் பெண்களே! உங்கள் அனைவருக்கும் ஸலாம்.

என் பெயர் லஸ்ஹர். இந்த மருத்துவமனையின் பாய்லரை முப்பத்தொரு வருடமாக எரிய வைப்பவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஆனாலும் இந்த நாட்டில் உள்ள பாய்லர்களை எல்லாம் வரிசையில் நிறுத்துங்கள், சத்தத்தை மட்டும் கேட்டு ஒவ்வொன்றுக்கும் என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். தலைநகரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் என் பாய்லரைப் பார்த்துக் கண்கலங்கி நின்றார். புகையால் அல்ல. இன்று பேச முதலில் என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன்? சீதி துஹாமியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த மலையில் கிடையாது என்பதால். நாற்பது நாள் முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் மரியாதையாகச் ‘சீதி’ என்று கூப்பிட்ட துஹாமி கஸ்வானி யார்? செவிலியர் கண்காணிப்பாளர் என்று கதவில் பலகை இருந்தது. பலகைக்கு என்ன தெரியும்? குளிர்காலம் இந்த மலைக்கு ஏறிவரும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வரும். செப்டம்பர் பிறந்தால் போதும், வாசல் சுவரில் சாய்ந்து நின்றுகொள்வார். காட்டிலிருந்து விறகுக் கட்டோடு இறங்கும் பெண்களைப் பார்ப்பார். கட்டு பெரிதாக இருந்தால் இந்த வருடம் பனி கடுமை என்று கணக்குப் போட்டு உள்ளே வந்து, பள்ளி விடுதியிலிருந்து பதினெட்டுக் கட்டில் இரவல் கேட்டு எழுதுவார். போர்வைகளை வெயிலில் போடச் சொல்வார். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒவ்வொன்றின் தலையையும் தானே திருகிப் பார்ப்பார். ஆம்புலன்ஸ் சக்கரத்துக்குப் பனியில் வழுக்காமலிருக்கும் சங்கிலியை மாட்டி, காயும் வெயிலில் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஊரே சிரிக்கும். மேல் கிராமங்களில் ஜனவரியில் பிரசவிக்க வேண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டு வைத்துக்கொண்டு, பாதை மூடுவதற்கு முன்பே கீழே கூட்டிவந்து உறவினர் வீடுகளில் இறக்கிவிடுவார். ஒருமுறை ஒரு மாமியார் மருமகளை விடமாட்டேன் என்றாள். சீதி துஹாமி அந்த மாமியாரையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

அந்தப் பெரிய பனி விழுந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். பதினோரு நாள் விடாமல் கொட்டியது. பள்ளிவாசல் மினாரா பாதிவரை புதைந்து, பாங்கு சொல்லும் முஅத்தின் அதன் ஜன்னல் வழியாக நேராகத் தெருவுக்கு இறங்கி நடந்தார். இமாம் அவர்கள் இல்லையென்று தலையை ஆட்டுகிறார். சரி, பாதிக்குக் கொஞ்சம் கீழே. எங்களிடம் இருந்தது இரவல் வாங்கியதோடு சேர்த்து நாற்பத்திரண்டு கட்டில். வந்து சேர்ந்தவர்கள் அறுபத்தெட்டுப் பேர். நடைபாதையில் குழந்தைகள் மூச்சுத் திணறிக் கிடந்தன. அன்று காலை சீதி துஹாமி ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்தார். நான் ரேடியேட்டரைச் சரிபார்க்கும் சாக்கில் பின்னாலேயே போனேன். எட்டாவது கட்டிலில் இதோ, முன்வரிசையில் இருக்கும் பூஜிமா. தக்கை மரம் உரிக்கிற ஆள், கடப்பாரை மாதிரி உடம்பு.

“பூஜிமா, எங்க வலிக்குது?”

“நெஞ்சுல, சீதி. இங்க.”

“நேத்து அந்தப் பக்கம்னு சொன்னியே.”

“அது நகர்ந்துகிட்டே இருக்கு.”

“வீட்ல யார் இருக்கா?”

“கழுதை இருந்துச்சு. போன மாசம் அதுவும் போயிருச்சு.”

சீதி துஹாமி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று மதியத்துக்குள் எண்ணி முடித்துவிட்டார். கட்டிலில் கிடந்தவர்களில் பத்தொன்பது பேருக்கு நோய் எதுவும் இல்லை. எல்லோரும் ஒற்றை ஆட்கள். பனி விழுந்ததும் வீட்டில் பேச்சுக்குரல் கேட்காமல் இருக்க முடியாமல், ஏதோ ஒரு வலியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

வேறு யாராவது என்ன செய்திருப்பார்கள்? திட்டி அனுப்பியிருப்பார்கள். அவர் யாரையும் கூச வைக்கவில்லை. பாய்லரை ஒட்டித் துணி காயவைக்கும் அறை ஒன்று இருந்ததே, நேராக அங்கே இறங்கி வந்தார். துணியை எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள், இங்கே பெஞ்சு போடு என்றார். நான்கு பெஞ்சு, ஒரு தேநீர்க் கெட்டில். மறுநாள் முதல் வைத்தியம் அங்கே என்று அந்தப் பத்தொன்பது பேரிடமும் சொன்னார். காலையில் ஒரு நர்ஸ் வந்து எல்லோருக்கும் நாடி பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பாள். பிறகு நான் என் புகழ்பெற்ற புதினாத் தேநீரைக் காய்ச்சுவேன். மேலே பத்தொன்பது கட்டில் காலி. நடைபாதைக் குழந்தைகள் அன்றே கட்டிலுக்குப் போயின. இதற்கு ஒரு சுற்றறிக்கை உண்டா? ஒரு பதக்கம் உண்டா?

அப்புறம் அந்தக் குவளைகள். கைப்பிடி வைத்த எனாமல் குவளைகளாக வாங்கிவந்தார். சுவரில் ஆளுக்கொரு ஆணி அடித்தார். லஸ்ஹர் கண்ணாடித் தம்ளர்களை எல்லாம் உடைத்துவிடுகிறான், அதனால்தான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். நான் வாழ்நாளில் ஒரு தம்ளர்கூட உடைத்ததில்லை. இரண்டு இருக்கலாம். உண்மையான காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். காலையில் வருகிறவர் தன் குவளையை ஆணியிலிருந்து எடுப்பார். குடித்துக் கழுவித் தட்டில் வைப்பார். மாலை நான்கு மணிக்கு ஏதாவது குவளை ஆணியிலேயே தொங்கினால், அந்த ஆள் அன்று வரவில்லை. இருட்டுவதற்குள் யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். விதவை தர்க்கியாவின் குவளை ஒருநாள் தொங்கியது. போனோம். இடுப்பு ஒடிந்து சமையலறைத் தரையில் கிடந்தாள். காலையிலிருந்து கிடக்கிறாள். “இவ்வளவு நேரமாச்சா உங்களுக்கு?” என்று எங்களைத்தான் திட்டினாள். இன்று மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆணி அடித்து முடித்த அன்று நான் அவரிடம் கேட்டேன், நமக்கு ஆணி இல்லையா என்று.

“நம்மள எதுக்கு யாரும் தேடணும் லஸ்ஹர்? நாமதான் இங்கயே இருக்கோமே.”

அவருக்கென்று குவளை கிடையாது. பாய்லர் மேல் இருக்கும் என் குவளையை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டுத் திருப்பி வைப்பார். இத்தனை வருடமும் அப்படித்தான்.

இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். பரிசு கொடுத்தோம், கைதட்டினோம், வீட்டுக்கு அனுப்பினோம். மனைவி போய்ப் பல வருடம். பிள்ளை இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பாய்லரைப் பற்றவைத்த முதல் காலையிலேயே என் கதவில் வந்து நின்றார். “லஸ்ஹர், பாய்லர் சத்தம் சரியில்லையே” என்றார். என் பாய்லரையா? எனக்குச் சுருக்கென்றது. பர்னரைக் கழற்றி மாட்டினேன். மறுநாளும் வந்தார். இன்னும் சரியாகவில்லை என்றார். அதற்கு மறுநாளும். குளிர்காலம் முழுக்க வந்தார், அடுத்த குளிர்காலமும் வந்தார். பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, என் குவளையில் இரண்டு வாய் குடித்துவிட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேலதிகாரி ஓய்வு பெற்றும் என்னை நம்பாமல் சோதிக்க வருகிறார் என்று ஊரெல்லாம் பெருமையாகவும் குறையாகவும் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

“ஏன் சீதி, உங்களுக்கு வீட்ல வேலையே இல்லையா?”

“இல்ல” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

மஹ்பூபா அவர்களே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு. என் பேச்சில் எப்போதும் கொஞ்சம் ஜோடனை இருக்கும், எல்லோருக்கும் தெரியும். இதில் இல்லை.

இந்த நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. பூஜிமாதான் கவனித்துக் கேட்டான், எங்கே சீதி துஹாமி என்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள என் நாக்கு பழகவில்லை. தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். நானே வேனில் ஏற்றிவிட்டேன் என்றேன். கையில் ஆரஞ்சுப் பழப் பை வைத்திருந்தார் என்றும் சொன்னேன். அந்த ஆரஞ்சை எங்கிருந்து கொண்டுவந்தேன்? எனக்கே தெரியவில்லை. நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். செவ்வாய்க்கிழமை நானே நம்பிவிட்டேன். அவருக்கு ஆணி இல்லை, எனவே நான்கு மணிக்குத் தொங்குவதற்கும் எதுவும் இல்லை. புதன்கிழமை போனது. வியாழக்கிழமை நீங்கள் போனில் கூப்பிட்டு, அண்ணன் எடுக்கமாட்டேன் என்கிறாரே, அங்கே இருக்கிறாரா என்று கேட்டீர்கள்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. கஷ்ஷாபியா அங்கியைப் போட்டு, காலில் செருப்பை மாட்டிக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புறப்படத் தயாராக. இங்கே வரத்தான். இதயம் நின்றிருக்கிறது, திங்கள் காலையிலேயே முடிந்திருக்கும், யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னது உண்மையாக இருக்கட்டும். ஆனால் ஒரு மாலைக்கு மேல் யாரையும் தனியாக விடாத மனிதர், நான்கு நாள் அந்த நாற்காலியில் தனியாக இருந்தார். அது என்னால்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பூஜிமா என்னுடன் நடந்தான். பாதி வழியில் சொன்னான்:

“சீதி சொன்ன பாய்லர் சத்தமும் என் நெஞ்சு வலி மாதிரிதான் லஸ்ஹர். உனக்கு இன்னுமா புரியல?”

சத்தத்தை வைத்து எல்லா நோயும் சொல்லுகிறவன் நான். எனக்குப் புரியவில்லை.

டாக்டர் ரவுதா அவர்களே, நீங்கள் நல்லவர். போன குளிர்காலத்தில் நோயாளிகள் நடைபாதையில் கிடந்ததைப் பார்த்து நீங்கள் அழுதீர்கள், நர்ஸ் பெண்கள் சொன்னார்கள். அதனால் இந்தத் திங்கட்கிழமை எங்கள் பெஞ்சுகளை எடுத்துவிட்டு அந்த அறையில் ஆறு கட்டில் போடப்போகிறீர்கள். ஆறு கட்டில் நிச்சயம் வேண்டும். இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் கணக்கு ஒன்று கேளுங்கள். அங்கே நேற்றுவரை இருபத்துமூன்று ஆணி. கதவை மூடினால் அந்த இருபத்துமூன்று பேரும் எங்கே போவார்கள்? ஆளுக்கொரு நெஞ்சு வலியோடு மாடியேறி வருவார்கள். ஆறு கட்டில் போட்டு இருபத்துமூன்று கட்டிலை இழப்போம். வராமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை எண்ணுவதற்கு நம்மிடம் என்ன இருக்கும்? பாய்லருக்கு இந்தப் பக்கம் என் அறை இருக்கிறது. என் படுக்கையும் கருவிகளும் மட்டும்தான் அங்கே கிடக்கின்றன. ஜன்னல் உண்டு, சூடு உண்டு. நெருக்கிப் போட்டால் ஆறு கட்டில் போகும். நேற்றே அளந்து பார்த்தேன். நான் ஊருக்குள் என் அக்காள் மகன் வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

இயக்குநர் தலையசைத்ததை எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? நான் பார்த்தேன். இமாம் அவர்களும் பார்த்தார். சாட்சி போதும்.

சீதி துஹாமி அவர்களே! உங்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு இதுதான். நீங்கள் அடித்த ஆணிகள் ஒன்றும் பிடுங்கப்படாது. செப்டம்பரில் வாசலில் நின்று விறகுக் கட்டைப் பார்ப்போம். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக் காயும் வெயிலில் ஓட்டுவோம், ஊர் சிரிக்கட்டும். நான்கு மணிக்குச் சுவரைப் பார்ப்போம். யாராவது காணோம் என்றால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம். சொல்லிவிட்டு, போய்த் தட்டுவோம்.

இன்று காலை நான் இரண்டு ஆணி அடித்தேன். ஒன்றில் உங்கள் பெயரில் ஒரு புதிய குவளை. அது தொங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் மற்றவற்றைப் பார்க்க நினைவு வரும்.

இன்னொன்று என்னுடையது. நண்பர்களே, நானும் ஒற்றை ஆள்தான். அக்காள் மகன் என்று சற்று முன்பு சொன்னேனே, அப்படி எனக்கு யாரும் இல்லை. ஊருக்குள் ஒரு வாடகை அறை பார்த்திருக்கிறேன், தக்கைக் கிடங்குக்குப் பின்னால், பச்சைக் கதவு. என்றாவது நான்கு மணிக்கு என் குவளை ஆணியிலேயே தொங்கினால், வந்து தட்டுங்கள். வர ஒரு சாக்கு வேண்டுமென்றால், பாய்லர் சத்தம் சரியில்லை என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாமல் கதவைத் திறக்கிறேன்.