மயில் இருந்த இடம்

இல்ல தம்பி, அந்த மூணு சாக்கையும் முதல்ல வண்டியில ஏத்துங்க. அது சுத்தமான சரக்கு. வேலியில இந்த வருஷம் விட்ட தளிர் மட்டும், காலையில வெட்டுனது. வாடிப்போனா மருந்துக் கம்பெனி எடுக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷமா ஆகஸ்ட் வந்தா இதே கூத்துதானே. நாலாவது சாக்கா? அத அப்புறம் பாப்போம். உக்காருங்க. கேக் இருக்கு, எங்க மரத்து பிளம்ஸ் போட்டது. கைய மட்டும் கழுவிக்குங்க. இந்த யூ மரத்து இலை விஷம். தொட்ட கைய வாய்ல வச்சு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?

ஆமா, அங்கதான் மயில். இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஆம்புரோஸ் இருபத்தாறு வருஷமா யூ வேலி மேல, இலையும் கொப்புமா உருவம் வர்ற மாதிரி வெட்டி வெட்டி வளத்த மயில். கல்யாண நாள் மறந்துடுவார், என் தங்கச்சி பேர் மறந்துடுவார், மயில் கழுத்துக்கு நூல் பிடிச்சு அளக்க மட்டும் மறக்கவே மாட்டார். பக்கத்து வீட்டு லவினியா வேலியில கோழி. கோழின்னு அவதான் சொல்லணும், பாத்தா கவுத்து வச்ச பூட்ஸ் மாதிரி இருக்கும். அத வச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு, என்ன ஆம்புரோஸ், உங்க மயிலுக்கு வால் தொங்குதேன்னா பாருங்க, மனுஷன் அன்னிக்கு மதியச் சாப்பாட்டத் தொடல.

சர்ச்சுல கெழட்டு யூ ஒண்ணு நிக்குமே, வர்ற வழியில பாத்திருப்பீங்க. வயிறு குடைஞ்சு கெடக்கு, உள்ள ஆறு பேர் நிக்கலாம். இந்த ஊர்ல ஓலைக்கு எங்க போறது? குருத்தோலை ஞாயித்துக்கு அதுலதான் கொப்பு ஒடிச்சுக் குடுப்பாங்க. கல்லறைக்கெல்லாம் காவல் அதான். ஆனா குதிரை ஒரு வாய் தின்னா போச்சு. லவினியாவோட குட்டிக் குதிரை வேலிக்கு அந்தப் பக்கம்தான் மேயுது. அதான் காலையிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு ஒரு இலை விடாம பொறுக்கினேன். கோழியக் கிண்டல் பண்ணலாம். குதிரையக் கொல்லலாமா?

அட, அந்த நாலாவது சாக்கத் தொறந்துட்டீங்களா! தெரியும் தம்பி, எல்லாம் பழைய கொம்பு, கட்டை. உங்களுக்கு ஆகாது. அதான் மயிலு. நான்தான் வெட்டினேன். வால், கழுத்து, கொண்டை, ஒண்ணு விடல. அவர் பல் டாக்டர்கிட்ட போயிருக்கார், பன்னண்டு மணி பஸ்ல வருவார். இன்னும் தெரியாது.

ஐயோ, அப்படி முழிக்காதீங்க. கட்டை வரைக்கும் வெட்டினாலும் யூ துளிர்க்கும். வேற ஊசியிலை மரமா இருந்தா அதோட சரி. நாலஞ்சு வருஷம் போனா மறுபடி கழுத்து எட்டிப் பாக்கும். தலைமுடியும் அப்படித்தானாம், கொட்டினாலும் வந்துடுமாம். அந்த நர்ஸ் சொன்னா.

எந்த நர்ஸா? வியாழக்கிழமை எனக்கு முதல் பாட்டில் ஏத்துறாங்க தம்பி. மார்புல புத்துநோய். இந்த இலையிலேர்ந்து எடுக்கற மருந்துதான். நம்ம சாக்குல போறது எனக்கே திரும்பி வராதுன்னு தெரியும், நான் ஒண்ணும் கிறுக்கி இல்ல. ஆனா சும்மா வாங்கிக்கறது எனக்குப் பழக்கமில்ல. அதான் மூணு சாக்கையும் நல்லா அழுத்தி நெரப்பினேன்.

மயில ஏன் வெட்டினேன்னா? அது வேற கத. மூணு வாரமா இத அவர்கிட்ட சொல்லிடணும்னு வாயத் தொறக்கறேன், அதுக்குள்ள அவர் மயில் வால் பேச்சுக்குப் போயிடறார். இன்னிக்கு வந்து, ஹெஸ்டர், என் மயிலு எங்கன்னு என்னக் கேட்டுத்தானே ஆகணும்? கேட்டா நானும் சொல்லித்தானே ஆகணும்.

அதோ, பஸ் சத்தம். எந்திரிக்காதீங்க தம்பி. இன்னொரு துண்டு வைக்கறேன், மெதுவாச் சாப்பிடுங்க.