நின்று செத்த லெங்கா

ஈர விறகு வீட்டையே நாறடித்துவிடும், ஐயா. அதனால் நின்றபடியே செத்துக் காய்ந்த மரம் தவிர வேறெதையும் நான் அடுப்பில் வைப்பதில்லை. பச்சை மரத்தில் கைவைக்கச் சட்டமும் விடாது. என் தாத்தன் காலத்துக் காட்டுத்தீயில் செத்து, வெயிலில் வெளுத்த லெங்கா மரங்கள் மலைச்சரிவில் இன்னும் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றனவே, அவை எரிந்தால் புகை கண்ணை உறுத்தாது.

என்னிடம் மெஷின் ரம்பம் உண்டு, மாடு கிடையாது. பவுதிலியோவிடம் மாடும் வண்டியும் உண்டு, ரம்பம் கிடையாது. பனி விழும் முன் வருடாவருடம் இருவரும் சேர்ந்து மலையேறியது அதனால்தான். நட்பு என்று உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவன்தான் ஞானத்தந்தை. அது என் மனைவி சுனில்தா செய்த ஏற்பாடு.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். ஈரக் கம்பளியும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த நாற்றம், அவன் வருவதற்கு முன்பே எங்கள் வாசலுக்கு வந்துவிடும். எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சும் மாத்தே தேநீரைக் குடித்துவிட்டு நீட்டினால் உறிஞ்சுகுழலின் நுனியில் எச்சில் நூலாகத் தொங்கும். பேசும்போது வாயோரம் நுரை கட்டும். அந்த வாயால் என் மகளின் நெற்றியில் முத்தமிடுவான். முதல் வண்டி விறகை ஆற்றோரம் கிடக்கும் காலில்லாத மெலித்தோன் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் எங்கள் பங்கைப் பார்ப்பான். மெலித்தோனின் மலத்துணியையும் அவனே அலசிப் போடுவான். அதே கையால் எங்கள் வீட்டு ரொட்டியைப் பிய்ப்பான். சுனில்தா சிரித்துக்கொண்டே இன்னொரு ரொட்டி வைப்பாள்.

அன்று ஒரு பெரிய மரத்தை அறுத்தேன். அடிப்பகுதி மட்டும் உள்ளே உளுத்திருந்ததால் சாயவேண்டிய பக்கம் சாயாமல் திரும்பி அவன் தொடைகளின் மேல் விழுந்தது. அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

"செத்த மரம் வேணும்னு நாம வந்தா, அது என்னைக் கேக்குது பாரு பங்காளி" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு, "இந்தப் பக்கம் ஒரு அறுப்பு, அந்தப் பக்கம் ஒரு அறுப்பு. கட்டையை உருட்டி விட்டுடு, நான் வெளிய வந்துடுறேன்" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். ஒரு மாத்தே குடிக்கிற நேரத்து வேலை.

ரம்பத்தோடு குனிந்தேன். வலியில் வாந்தி எடுத்திருந்தான். தாடியில் உருளைக்கிழங்குத் துணுக்குகள். மூக்கு ஒழுகியது. கால்சட்டை நனைந்து குளிரில் ஆவி பறந்தது. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டான்.

"நீ பக்கத்துல இருக்க, அது போதும் பங்காளி."

கன்னம் கொழகொழவென்று இருந்தது. கையை உருவிக்கொண்டு ஓடைக்குப் போனேன், மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். திரும்ப அவனிடம் போகக் கால் வரவில்லை. அவ்வளவுதான், ஐயா. நிலத்தகராறு, பெண் விவகாரம், பழைய பகை என்று எதுவும் கிடையாது. தேடாதீர்கள்.

அறுத்த விறகை வண்டியில் ஏற்றினேன். "ஏய் வென்செஸ்லாவோ, எங்க போற?" என்றான். ஆள் கூட்டிவரப் போவதாகச் சொன்னேன். அவன் மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான்.

"வெரசா வா. மாட்டுக்குத் தண்ணி காட்டிடு, பாவம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும், பவுதிலியோ மாடுகளை என்னிடம் விட்டுவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று சுனில்தாவிடம் சொன்னேன்.

மறுநாள் பனி தூவத் தொடங்கியது. மிச்ச விறகு நனைந்துவிடுமே என்று மறுபடி போனேன். உயிரோடு இருந்தான். கைக்கெட்டிய மரப்பட்டையைக் கடித்துத் தின்று பல்லெல்லாம் கறுத்திருந்தது. "ஆளு வந்தாச்சா?" என்றான். அந்த வாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே வண்டியை நிரப்பினேன். முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு என் மகள் பெயரை.

அடுத்த முறை போனபோது சத்தமில்லை. அப்போது, அவன் சொல்லியிருந்தபடியே, இரண்டு பக்கமும் அறுத்தேன். நல்ல கட்டை. நரி வந்து அசிங்கப்படுத்துமுன் எடுத்தாக வேண்டுமல்லவா? அவன் மேல் பட்டிருந்த பக்கத்தை மட்டும் கோடாலியால் செதுக்கி எறிந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டையைத்தான் பிளந்து அடுப்பில் வைத்தேன். சுனில்தா சூப்பைக் கிளறிக்கொண்டே, "பவுதிலியோ இன்னிக்கு வந்தாலும் வருவான். அவனுக்குக் கொஞ்சம் எடுத்து வெக்கிறேன்" என்றாள். சாப்பாட்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. "வெக்காதே, அவன் மலையில செத்துக் கிடக்கான்" என்றேன். எப்படி என்று கேட்டாள். உங்களிடம் சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் எரிந்துகொண்டிருந்த கட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே பனியில் வீசினாள். அடுப்பு அணைந்ததும் என் எதிரே வந்து நின்று முகத்தில் காறித் துப்பினாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு, மேலங்கிகூடப் போடாமல் உங்களிடம் நடந்து வந்திருக்கிறாள்.

வெந்நீர் வைத்து முகத்தைக் கழுவக்கூட நெருப்பில்லை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஐயா. சுத்தமான குடும்பத்தில் பிறந்தவள். இந்தத் துப்புகிற அசிங்கமெல்லாம் அவனோடு பழகி ஒட்டிக்கொண்டதுதான்.